பழைய நிக்கான் டி7200 கேமரா வாங்கலாமா? ஒரு கல்யாண ஸ்டூடியோவின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

2022 வைகாசியில் தொடங்கி 2023 தை முடியும்வரை நடந்தது இது. விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், பிலிம் காலத்திலிருந்தே நடந்துவரும் ஒரு ஸ்டூடியோ. உரிமையாளர் ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய அக்கா மகன் படிப்பை முடித்துவிட்டு மாமாவோடு வேலைக்கு வந்து சேர்ந்திருந்தான். பாஸ்போர்ட் போட்டோ, காதுகுத்து, வளைகாப்பு என்று ஆண்டு முழுக்கச் சில்லறை வேலைகள் இருந்தாலும், கடையை நடத்துவது கல்யாண ஆர்டர்கள்தான். வீடியோவை அவர்கள் தொடுவதில்லை. அதற்கு வேறொரு குழுவோடு ஒப்பந்தம் உண்டு.

கேமரா பழுது பார்ப்பதும், ஸ்டூடியோக்காரர்களுக்குச் சாமான் தேர்ந்தெடுக்க உதவுவதும் என் தொழில். இந்த முடிவில் தொடக்கத்திலிருந்து உடனிருந்தேன். இருவரும் சம்மதித்ததால், அடையாளம் தெரியாதபடி இதை எழுதுகிறேன். இதே நிலையில் பல ஊர்களில் பல ஸ்டூடியோக்கள் இருக்கின்றன. நல்ல லென்ஸ்களை விற்றுவிட்டு, விளம்பரத்தில் பார்த்த புது பாடியை (லென்ஸ் இல்லாத கேமராவை) வாங்கி, ஒரு சீசன் முழுக்கத் தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்னொருவருக்கு அந்த நிலை வரக்கூடாது.

அவர்களிடம் இருந்த பாடி ஒரே ஒரு நிக்கான் டி90. 2008இல் வந்த கேமரா. 12.3 மெகாபிக்சல், ஒரே எஸ்டி கார்டு ஸ்லாட், 11 ஃபோகஸ் புள்ளிகள். அவற்றிலும் நடுப்புள்ளி மட்டும்தான் கிராஸ் வகை, அதாவது கிடைக்கோடு, நெடுக்கோடு இரண்டையும் பிடிக்கும் உறுதியான புள்ளி. அதோடு வந்த 18-105 எம்எம் கிட் லென்ஸ் இருந்தது. உரிமையாளர் சிறுகச் சிறுகச் சேர்த்த 80-200 எம்எம் எஃப்/2.8டி, 50 எம்எம் எஃப்/1.8டி இரண்டும் இருந்தன (எஃப் எண் சிறியதாக இருந்தால் லென்ஸ் அதிக வெளிச்சம் வாங்கும்). பிலிம் காலத்துக் கையால் ஃபோகஸ் செய்யும் 105 எம்எம் எஃப்/2.5 ஒன்றும் பீரோவில் இருந்தது. எஸ்பி-700 ஃபிளாஷ் இரண்டு, அவற்றைத் தூரத்திலிருந்து எரியவைக்க ரேடியோ டிரிகர்.

என்ன கெட்டது

வைகாசி முகூர்த்தம் ஒன்றில் எடுத்த படங்களில் கீழ் ஓரம் கறுப்பாக வந்தது. முதலில் ஃபிளாஷ் சிங்க் பிரச்சினை என்றுதான் நினைத்தார்கள். டி90இன் சிங்க் வேகம், அதாவது ஃபிளாஷோடு எடுக்கக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகம், 1/200 நொடி. சாதாரண ரேடியோ டிரிகர் போட்டு அதற்கு மேல் போனால் இப்படி ஒரு பட்டை வரும், எனவே அந்தச் சந்தேகம் நியாயமானதே. என் கடைக்குக் கொண்டுவந்தபோது ஃபிளாஷைக் கழற்றிவிட்டு வெயிலில் எடுத்துப் பார்த்தேன். 1/125இலும் விட்டுவிட்டு அதே கறுப்பு. ஷட்டர் திரை இழுபடுகிறது என்பது உறுதியானது. மாற்றலாம்தான். ஆனால் அதற்கான செலவு, அந்தக் கேமராவை விற்றால் வரும் தொகையை நெருங்கியது.

இதற்கு முந்தைய ஆண்டு இன்னொன்றும் நடந்திருந்தது. ஒரு காதுகுத்தில் எடுத்த கார்டு வீட்டுக்கு வந்ததும் திறக்கவில்லை. மீட்பு மென்பொருள் வைத்துப் பாதிக்கு மேல் எடுத்துக் கொடுத்தேன். தாய்மாமன் மடியில் குழந்தை இருந்த வரிசை மட்டும் கிடைக்கவில்லை. அந்தக் குடும்பம் பணம் திருப்பிக் கேட்கவில்லை, ஆனால் அடுத்த விசேஷத்துக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டது.

புது பாடி தேவை என்பதில் விவாதமே இல்லை. எது என்பதில்தான் வீட்டுக்குள் இரண்டு கருத்து.

முன்னால் இருந்த வழிகள்

உரிமையாளரின் முதல் எண்ணம் புது டி7500. 2017இல் வந்தது. 20.9 மெகாபிக்சல், நொடிக்கு 8 படம், மடக்கித் திருப்பும் தொடுதிரை, 4கே வீடியோ. பெயரில் எண் பெரியது, பில்லோடு கிடைக்கும், வாரண்டி உண்டு. அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

மருமகனுக்கு மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை கேமரா, வேண்டும். நிக்கான் இசட்50ஐச் சொன்னான். அந்த ஜூலையில் ஜப்பானிய நாளிதழ் நிக்கேய் ஒரு செய்தி வெளியிட்டது: நிக்கான் இனிப் புதிய எஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த) கேமராக்களை உருவாக்கப் போவதில்லை என்று. அதை ஊகம் என்று நிக்கான் மறுத்தது. தயாரிப்பும் விற்பனையும் சர்வீஸும் தொடரும் என்றும் சொன்னது. ஆனால் 2020 தொடக்கத்தில் அறிவித்த டி780, டி6 ஆகிய இரண்டுக்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் (டிஜிட்டல் எஸ்எல்ஆர்) எதுவும் வரவில்லை என்பதும் உண்மை. பையன் போனில் அந்தச் செய்தியைக் காட்டி, "மாமா, செத்துப்போன சிஸ்டத்துல போயி இப்ப காசப் போடணுமா?" என்றான். "அப்ப இந்த லென்ஸையெல்லாம் என்னடா பண்றது?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

பழைய டி7200 ஒன்று பார்க்கலாமே என்று மூன்றாவது வழியை முன்வைத்தது நான். 2015 மார்ச்சில் அறிமுகமான நடுத்தர வகை கேமரா. கேனன் 80டியும் பேச்சில் வந்து போனது. நல்ல கேமராதான், ஆனால் லென்ஸ் முழுவதையும் மாற்ற வேண்டும் என்பதால் அதை நீட்டவில்லை.

லென்ஸிலிருந்து பார்த்த கணக்கு

இந்த நிகழ்வின் மையம் இங்கேதான் இருக்கிறது. மெகாபிக்சல், வேகம், திரை என்று கேமராவின் குணங்களை வரிசைப்படுத்துவதை நிறுத்தச் சொன்னேன். அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு லென்ஸையும் எடுத்து மேசையில் வைத்து, எந்த பாடியில் மாட்டினால் அது எதை இழக்கும் என்று மட்டும் பார்த்தோம்.

80-200, 50 இரண்டும் டி வகை. இவற்றுக்குள் மோட்டார் கிடையாது. பாடியின் மவுண்டில் (லென்ஸ் மாட்டும் வளையத்தில்) திருகு முனை போல நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு தண்டு சுழன்றுதான் லென்ஸை ஃபோகஸ் செய்கிறது. டி90, டி7200, டி7500 மூன்றிலும் அந்தத் தண்டு இருக்கிறது. இசட்50 உள்ள மிரர்லெஸ் இசட் வரிசையில் எந்த பாடியிலும் இல்லை. பழைய லென்ஸை இசட் பாடியில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டால், உள்ளேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள் நன்றாக வேலை செய்யும். டி லென்ஸ்களோ மாட்டும், எக்ஸ்போஷர் அளக்கும், தானாக ஃபோகஸ் மட்டும் ஆகாது. அதாவது இசட்50 வாங்கினால் அந்த ஸ்டூடியோவின் மிக நல்ல லென்ஸ் கையால் திருகும் லென்ஸாகிவிடும். அதற்கு ஈடாக இசட் மவுண்டில் 70-200 எஃப்/2.8 வாங்க 2 லட்சத்துக்கு மேல் வேண்டும். அந்த வழி அங்கேயே அடைபட்டது.

அடுத்து 105 எம்எம். கையால் ஃபோகஸ் செய்யும் பழைய ஏஐ வகை நிக்கான் லென்ஸ்களில் அபர்ச்சர் (லென்ஸின் திறப்பு) வளையம் எங்கே நிற்கிறது என்பதைப் பாடிக்குச் சொல்ல மவுண்டைச் சுற்றி ஒரு நெம்பு தேவை. டி7200இல் அது உண்டு, மெனுவில் லென்ஸின் விவரத்தைப் பதிந்தால் வெளிச்சம் அளக்கும் மீட்டர் வேலை செய்யும். டி90இல் இல்லாததால்தான் அந்த லென்ஸ் பீரோவில் தூங்கியது. டி7500இலும் அதை நீக்கிவிட்டார்கள். கல்யாணத்துக்கு அந்த 105 அவசியமில்லை. ஆனால் வளைகாப்புப் பெண்ணைத் தனியாக நிறுத்தி எடுக்கும் படங்களுக்கு அதைப்போல ஒரு லென்ஸ் கிடைக்காது என்று உரிமையாளர் அழுத்திச் சொன்னார். எனக்கும் அதே கருத்துதான்.

கார்டு ஸ்லாட்டுக்கு வந்தோம். டி7200இல் இரண்டு. டி7500இல் ஒன்று, இசட்50இலும் ஒன்று. டி7500 வந்தபோது இதற்காகவே பலர் முகம் சுளித்தார்கள். பொழுதுபோக்காகப் படம் எடுப்பவருக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம். தாலி கட்டுவதைத் திரும்ப நடத்திக் காட்டச் சொல்ல முடியாத தொழிலில், அதுவும் ஏற்கெனவே ஒரு கார்டால் ஒரு குடும்பத்தை இழந்த கடையில், இதற்கு மேல் பெரிய விஷயம் இல்லை.

ஆல்பத்தையும் கணக்கில் எடுத்தோம். அவர்கள் தருவது விரித்தால் 12-க்கு 36 அங்குல ஆல்பம். ஒரு பக்கம் 18 அங்குல அகலம். டி90இன் படம் 4288 பிக்சல் அகலம், பக்கம் முழுக்கப் போட்டால் அங்குலத்துக்கு 238 பிக்சல். டி7200இன் 6000 பிக்சலுக்கு 333 வரும், டி7500இன் 5568-க்கு 309. ஒரே படத்தை இரண்டு பக்கத்துக்கும் விரிக்கும்போது இவை பாதியாகிவிடும், அங்கேதான் டி90 இளைத்துத் தெரியும். டி7200க்கும் டி7500க்கும் இதில் உள்ள வித்தியாசத்தை ஆல்பத்தைப் புரட்டும் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

ஆனி முகூர்த்தத்தில் கண்டது

டி90 கைவிட்ட நிலையில் ஆனிக் கல்யாணங்களுக்கு எப்படியும் கேமரா வாடகைக்கு எடுத்தாக வேண்டும். அதையே சோதனையாக்கிக்கொண்டோம். மதுரையிலிருந்து ஒரு டி7200 வாடகைக்கு வந்தது. நண்பர் ஒருவர் தன் இசட்50ஐ அடாப்டரோடு கொடுத்தார். முதலாவது மாமா கையில், இரண்டாவது மருமகன் கையில். நான் ஓரமாக நின்று பார்த்தேன், மாலையில் படங்களை மூவரும் சேர்ந்து பார்த்தோம்.

மண்டபம் நம் ஊர் மண்டபங்களைப் போலத்தான். மணமேடைக்கு மேலே மஞ்சள் விளக்கு, பக்கவாட்டில் வெள்ளை எல்இடி, வீடியோக்காரர் லைட் தனி. ஹோமப் புகை வேறு. 80-200ஐ எஃப்/2.8இல் வைத்து 1/160 வேகம் கிடைக்க ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 3200 தேவைப்பட்டது. டி90இன் வழக்கமான வரம்பே 3200தான், அங்கே நிழல் பகுதிகளில் நிறப்புள்ளிகள் கொட்டிவிடும். டி7200இன் வரம்பு 25600. 3200இல் எடுத்தவை ஆல்பம் அளவில் சுத்தமாக இருந்தன.

ஃபோகஸில் வித்தியாசம் இன்னும் அதிகம். மாப்பிள்ளை தாலி கட்டக் குனியும்போது இரண்டு முகமும் ஃபிரேமின் ஒரு பக்கத்துக்குப் போய்விடும். டி90இல் நடுப்புள்ளியை முகத்தில் வைத்துப் பூட்டிவிட்டுக் கேமராவை நகர்த்துவது உரிமையாளரின் பழக்கம். எஃப்/2.8இல் அந்தச் சிறு நகர்வே கண்ணை ஃபோகஸுக்கு வெளியே தள்ளிவிடும். டி7200இன் 51 புள்ளிகளில் 15 கிராஸ் வகை. வெளிச்சம் மிகக் குறைந்த -3 ஈவி வரை அது பிடிக்கும் என்று நிறுவனத்தின் விவரத்தாள் சொல்கிறது. முகம் இருக்கும் இடத்துக்கே புள்ளியைத் தள்ளிவைத்து எடுக்க முடிந்தது. புகை குறுக்கே வந்தபோது சில தடவை லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தேடியது, அதையும் குறித்துக்கொண்டோம்.

மருமகன் எடுத்ததில் மிக அழகானவை பெண் அழைப்புப் படங்கள். இசட்50 கண்ணைத் தானே தேடிப் பிடித்துக்கொண்டது, நடந்து வரும் பெண்ணை விடவே இல்லை. இதை உரிமையாளரும் மனசாரப் பாராட்டினார். மண்டபத்துக்குள் போனதும் நிலைமை மாறியது. அவனிடம் இருந்த 16-50 கிட் லென்ஸ் நீட்டினால் எஃப்/6.3க்குச் சுருங்கிவிடும், ஐஎஸ்ஓ எகிறியது. 80-200ஐ அடாப்டரில் மாட்டிக் கையால் ஃபோகஸ் செய்து பார்த்தான். உட்கார்ந்திருப்பவர்களை எடுக்க முடிந்தது. அட்சதை விழும் நேரத்தில் முடியவில்லை. பேட்டரியும் சிறியது. டி7200 ஒரே சார்ஜில் 1110 படம் என்று சிபா (ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் சங்கம்) அளவீடு சொல்கிறது, இசட்50க்கு 300ஐ ஒட்டித்தான். நடைமுறையில் இரண்டுமே கூடுதலாக வரும் என்றாலும், விடியற்காலை நலங்கிலிருந்து மதியப் பந்திவரை நிற்பவருக்கு இந்த இடைவெளி பெரியது.

டி7200இல் இரண்டு குறை தெரிந்தது. திரை நிலையானது, மடங்காது. தாலி கட்டும்போது உறவினர்கள் சுற்றி நெருக்கிவிட்டால் கேமராவைத் தலைக்கு மேல் தூக்கித்தான் எடுக்க வேண்டியிருக்கும், அப்போது குருட்டாம்போக்கில் அழுத்த வேண்டும். இன்னொன்று, இந்த சென்சாரின் முன்னால் லோ-பாஸ் ஃபில்டர் கிடையாது. கூர்மை கூடும், ஆனால் நெருக்கமான நெசவில் அலை அலையாகப் பொய்க்கோலம் தோன்றலாம். வரவேற்பில் மாப்பிள்ளையின் கோட்டில் ஒரு படத்தில் அது வந்தது. ஜரிகையில் வருமோ என்று பயந்து தேடிப் பார்த்தோம், அன்றைக்கு வரவில்லை.

எடுத்த முடிவு

ஆடி பிறந்ததும் முகூர்த்தம் இல்லை. உட்கார்ந்து பேச நேரம் கிடைத்தது. கையில் 70,000 ரூபாய் இருந்தது, அதற்கு மேல் கடன் வாங்குவதில்லை என்பது அவர்கள் வீட்டு முடிவு.

பழைய டி7200 வாங்குவது, மிச்சப் பணத்தை எஃப்/2.8 நடுத்தர ஜூமுக்கும் கார்டு, பேட்டரிக்கும் போடுவது என்று தீர்மானமானது. காரணம் மேலே சொன்னவைதான்: கடை இழந்து கொண்டிருந்தது வெளிச்சம் குறைந்த இடத்தில் ஃபோகஸையும், கார்டுப் பாதுகாப்பையும். இரண்டையும் டி7200 சரி செய்கிறது, இருக்கும் லென்ஸ் ஒன்றையும் வீணாக்கவில்லை. டி7500இன் திரையும் வேகமும் வீடியோவும் நல்லவை, ஆனால் அந்தக் கடையின் நஷ்டப் பட்டியலில் அவை இல்லை. புது டி7500 பாடி மட்டும் வாங்கினாலே பட்ஜெட் தாண்டியிருக்கும், உள்ளே எடுக்க அதே எஃப்/5.6 கிட் லென்ஸ்தான் மிஞ்சும்.

டிஎஸ்எல்ஆர் முடிந்துவிட்டது என்ற மருமகனின் வாதத்தை நாங்கள் ஒதுக்கவில்லை. அது சரியான வாதம். அதனால்தான் புதிதாக வாங்க வேண்டாம் என்று சொன்னேன். விலை ஏற்கெனவே இறங்கிவிட்ட பழைய பாடியில் இனி இழப்பதற்குக் கொஞ்சம்தான் இருக்கிறது. நான்கைந்து சீசன் ஓட்டிவிட்டு, லென்ஸ் உட்பட ஒரேயடியாக மிரர்லெஸ்ஸுக்கு மாறலாம். அதற்குள் மிரர்லெஸ்ஸில் இரண்டு ஸ்லாட் உள்ளவையும் பழைய சந்தைக்கு வந்துசேரும். இதைக் கேட்டபின் அவனும் ஒப்புக்கொண்டான்.

பார்த்து வாங்கியது

முதலில் வந்த பாடி இணைய விளம்பரத்தில் பார்த்தது, சென்னையில் இருந்தது. விற்றவர் வாட்ஸ்அப்பில் மாதிரிப் படம் அனுப்பினார். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எக்ஸிஃப் தகவல் (கோப்புக்குள் கேமரா பதியும் விவரங்கள்) அழிந்துபோகும். கேமராவிலிருந்து எடுத்த ஜேபெக்கை எடிட் செய்யாமல், டாக்குமென்டாக அனுப்பச் சொன்னோம். நிக்கான் தன் படக் கோப்புகளுக்குள் ஷட்டர் எண்ணிக்கையைப் பதிந்துவைக்கிறது. எக்ஸிஃப்டூல் போன்ற இலவசக் கருவியில் அதைப் படிக்கலாம். 1,63,000க்கு மேல் காட்டியது. டி7200இன் ஷட்டர் 1,50,000 தடவைக்குச் சோதிக்கப்பட்டது. அந்த எண்ணைத் தாண்டியும் ஓடும் கேமராக்கள் நிறைய உண்டு, ஆனால் ஷட்டர் போன கேமராவுக்கு மாற்றாக இன்னொரு ஷட்டர் போகப்போகும் கேமராவை வாங்குவதில் அர்த்தமில்லை. பில்லும் இல்லை. விட்டுவிட்டோம்.

இரண்டாவது, மதுரையில் பறவைப் படம் எடுப்பவர் ஒருவருடையது. ஷட்டர் 21,000 சொச்சம். பில், பெட்டி, சீரியல் எண் மூன்றும் பொருந்தின. நேரில் போய்ப் பார்த்தோம். எஃப்/16இல் வெற்று வானத்தை எடுத்து சென்சாரில் அழுக்கு, எண்ணெய்ப் புள்ளி இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். மூடியைப் போட்டுவிட்டு நீண்ட எக்ஸ்போஷர் எடுத்து, எரிந்துபோன பிக்சல் இருக்கிறதா என்று தேடினேன். இரண்டு ஸ்லாட்டிலும் தனித்தனியாகக் கார்டு போட்டு எழுதிப் படித்தோம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, உரிமையாளரின் 80-200ஐயே கையோடு கொண்டுபோய் மாட்டினோம். பறவைக்காரர் மோட்டார் உள்ள லென்ஸ் மட்டுமே வைத்திருந்தார். ஃபோகஸ் தண்டு சுழல்கிறதா என்பது அவருக்கே தெரியாது. நன்றாகச் சுழன்றது. பிடியின் ரப்பர் ஓரிடத்தில் உப்பியிருந்ததால் கொஞ்சம் குறைத்துக் கேட்டு, 32,500க்கு முடிந்தது.

மிச்சத்தில் பழைய டாம்ரான் 17-50 எம்எம் எஃப்/2.8 ஒன்றும், 64 ஜிபி கார்டு இரண்டும் வாங்கினார்கள். டி90இன் இஎன்-இஎல்3இ பேட்டரி இதில் பொருந்தாது, இதற்கு இஎன்-இஎல்15 வேண்டும். அதற்கும் ஒரு செலவு ஆயிற்று.

கடைக்கு வந்தபின் ஒரு நாள் ஒதுக்கி ஃபோகஸைச் சோதித்தோம். அளவுகோல் ஒன்றைச் சாய்த்து வைத்து, 80-200ஐ 200இல் முழுதாகத் திறந்து எடுத்தால், குறிவைத்த கோட்டுக்குச் சற்றுப் பின்னால் கூர்மை விழுந்தது. டி90இல் இதைச் சரிசெய்யும் வசதியே இல்லை. இத்தனை ஆண்டுகளாக, தன் கை நடுக்கம் என்று உரிமையாளர் நினைத்துக்கொண்டிருந்த சில மங்கல் படங்களுக்கு இதுதான் காரணமாக இருந்திருக்க வேண்டும். டி7200இல் ஏஎஃப் ஃபைன் ட்யூன் உண்டு. பின்னால் விழுந்தால் கழித்தல் பக்கம் நகர்த்த வேண்டும். ஒரு ஜூம் லென்ஸுக்கு ஒரே மதிப்புதான் பதிய முடியும் என்பதால், அவர் அதிகம் புழங்கும் நீள முனைக்கு ஏற்பச் சரிசெய்தோம். 80இல் அதனால் கெடுதல் ஏதும் தெரியவில்லை.

பிறகு நடந்தது

ஆவணியின் முதல் முகூர்த்தத்திலேயே ஒரு சிக்கல். இரண்டு ஸ்லாட்டையும் பேக்கப் முறையில் வைத்திருந்தார்கள். இரண்டாவதில் டி90 காலத்துக் கார்டு ஒன்றைப் போட்டிருந்தான் மருமகன், புதுசு ஒன்றைப் பத்திரமாக வைப்போம் என்று. பேக்கப் முறையில் ஒரே படம் இரண்டு கார்டிலும் எழுதப்பட வேண்டும், ஆகவே மெதுவான கார்டின் வேகம்தான் மொத்த வேகம். அட்சதை விழும்போது தொடர்ந்து அழுத்தியதும் பஃபர் (கார்டில் எழுதப்படுமுன் படங்கள் காத்திருக்கும் நினைவகம்) நிரம்பி, வ்யூஃபைண்டரில் ஆர்00 என்று காட்டிக் கேமரா நின்றுவிட்டது. தாலி கட்டிய படங்கள் அதற்கு முன்பே பதிவாகியிருந்தன, தப்பித்தோம். அன்றிலிருந்து இரண்டிலும் ஒரே வேகமுள்ள கார்டுகள்.

கோப்புகள் பெருத்துவிட்டதும் அவர்களைத் திணறவைத்தது. 14-பிட் ரா (கேமரா பதப்படுத்தாத) கோப்பு ஒன்று சுமார் 28 எம்பி. கடையின் பழைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்கியது. முகூர்த்த நேரத்தை மட்டும் ராவில் எடுப்பது, மற்றதெல்லாம் ஜேபெக் என்று பிரித்துக்கொண்டார்கள். ராவைத் திறக்க நிக்கானின் இலவச என்எக்ஸ் ஸ்டூடியோ போதுமானதாக இருந்தது. ராவில் எடுத்ததன் பலன் நகையிலும் ஜரிகையிலும் தெரிந்தது. ஃபிளாஷ் பட்டுத் தங்கம் வெள்ளையாக வெந்துபோகாமல் இருக்கக் கொஞ்சம் இருட்டாக எடுத்துவிட்டு, பிறகு நிழலை மட்டும் தூக்கினார்கள். குறைந்த ஐஎஸ்ஓவில் இந்த சென்சார் அதற்கு நன்றாகவே இடம் கொடுக்கிறது.

ஐப்பசி வரவேற்பு ஒன்றில் மேடைக்குப் பின்னால் எல்இடி திரை. படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டைகள். ஷட்டர் போய்விட்டதோ என்று உரிமையாளர் பதறிப்போய் எனக்குப் போன் செய்தார். "அண்ணே, ஸ்பீடை 1/50க்கு இறக்கிப் பாருங்க" என்றேன். பட்டை போய்விட்டது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் எரியும் சாதாரண விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுக்கும், அவற்றுக்கு 1/100 போதும். எல்இடி திரை தன் கணக்கில் மினுக்குவதால் இன்னும் இறங்க வேண்டியிருந்தது. டி7500இல் படங்களுக்கும் மினுக்கலைத் தவிர்க்கும் வசதி மெனுவில் உண்டு, டி7200இல் அது வீடியோவுக்கும் லைவ் வ்யூவுக்கும் (பின்திரையைப் பார்த்து எடுப்பதற்கும்) மட்டுமே. இந்த ஓர் இடத்தில் டி7500 தெளிவாக மேல்.

கார்த்திகையில், கல்யாணம் முடிந்த இரவு, கோப்புகள் பாதி ஏறிய நிலையில் உதவியாள் பையன் முதல் கார்டை அடுத்த நாள் வேலைக்காக ஃபார்மட் செய்துவிட்டான். கேமராவில் ஸ்லாட்டைத் தனித்தனியாகத்தான் தேர்ந்தெடுத்து ஃபார்மட் செய்ய முடியும். இரண்டாவது கார்டு தொடப்படாமல் இருந்தது. மறுநாள் காலையில் அதிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். பெண் வீட்டாருக்கு விஷயம் தெரியவே தெரியாது. ஒற்றை ஸ்லாட் கேமராவாக இருந்திருந்தால் நான் மறுபடி மீட்பு மென்பொருளோடு உட்கார்ந்திருப்பேன்.

வீடியோ பக்கம் டி7200 உதவவில்லை, உதவும் என்று நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை. லைவ் வ்யூவில் ஃபோகஸ் மெதுவாக ஊர்கிறது, டி லென்ஸ் திருகும் சத்தம் மைக்கில் ஏறுகிறது. கல்யாணத்துக்கு முந்தைய வெளிப்புறப் படப்பிடிப்புக்குக் குட்டி வீடியோ கேட்டவர்களுக்கு மருமகன் மிரர்லெஸ் வாடகைக்கு எடுத்துக்கொண்டான்.

தை முடிவில் ஆல்பங்களை வரிசையாகப் பார்த்தோம். பக்கம் நிறைய வைக்கத் தகுதியான முகூர்த்தப் படங்கள் முன்னைவிடத் தெளிவாகக் கூடியிருந்தன. அதில் பாதிக்கு மேல் 17-50இல் எடுத்தவை.

மறுபடி செய்வதானால்

சோதனை நாளில் எல்இடி திரை உள்ள ஒரு வரவேற்பையும் சேர்த்துக்கொள்வேன். ஆனியில் நாங்கள் பார்த்தது முகூர்த்தத்தை மட்டும்தான், இப்போதெல்லாம் மாலை வரவேற்புக்கும் அதே அளவு படம் கேட்கிறார்கள். வரவேற்பே அதிகம் எடுக்கும் ஸ்டூடியோவாக இருந்தால், டி லென்ஸ்கள் இல்லாமலும் இருந்தால், இதே கேள்விக்கு நான் டி7500 என்றோ மிரர்லெஸ் என்றோ பதில் சொல்லியிருக்கக்கூடும்.

வரிசையையும் மாற்றுவேன். 17-50ஐ முதலில் வாங்கி, வாடகை பாடியில் அதோடு ஒரு கல்யாணம் எடுத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் பாடியை முடிவு செய்வேன். நல்ல படங்களில் எவ்வளவு லென்ஸால் வந்தது, எவ்வளவு பாடியால் வந்தது என்பது எங்களுக்குத் தை மாதம்தான் பிரிந்து தெரிந்தது. பட்ஜெட் போடும்போதே கம்ப்யூட்டரின் நினைவகத்தையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்க்கச் சொல்லுவேன். அந்தச் செலவு பிறகு திடீரென்று வந்து அவர்களைச் சிரமப்படுத்தியது.

மடங்காத திரைக்கு இன்னும் நல்ல தீர்வு கிடைக்கவில்லை. மண்டபத்துக்கு ஒரு சின்ன ஏணி கொண்டுபோகிறார்கள். இடம் இருக்கும் மேடையில் அது உதவுகிறது, உறவினர் நெருக்கும் வீட்டுக் கல்யாணத்தில் உதவுவதில்லை. பங்குனியில் வேலை குறையும்போது, டி90க்கு ஷட்டர் மாற்றி இரண்டாவது பாடியாக வைப்பதா, அந்தப் பணத்தை இரண்டு ஸ்லாட் உள்ள மிரர்லெஸ்ஸுக்கென்று தனியாகச் சேர்ப்பதா என்று பேசுவதாக இருக்கிறோம். மருமகன் இரண்டாவது பக்கம், மாமா இன்னும் முடிவு சொல்லவில்லை.